மதினி திருப்பிக் கேட்ட வெள்ளைப் பெட்டி

எனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்பது எங்கள் தெருவில் ரொம்ப நாளாக ஒருத்தருக்கும் தெரியாது. குளத்திலோ ஆற்றிலோ இல்லை, டிவியில்.

என் வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தபோது ஒரு லீவில் வீடியோ கேம் பெட்டி ஒன்று கொண்டு வந்தார். மகன் கேட்டிருந்தது கறுப்புப் பெட்டி. அப்போது தென்காசியில் கல்ஃப் வீடுகளில் எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிதான். இவர் கடைக்காரன் பேச்சைக் கேட்டு, விலையும் குறைவு, கூடவே மீன் பிடிக்கிற கேம் சிடியும் ஒரு தூண்டில் கம்பும் இனாம் என்று வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். விற்காமல் கடையில் தேங்கிக் கிடந்த சரக்காம், பிறகுதான் தெரிந்தது.

மகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "கூட்டாளிமார்ட்ட மாத்திக்கிட ஒரு சிடிகூட கிடைக்காது வாப்பா" என்றான். அதுவும் நியாயம்தான். பக்கத்து வீட்டுக் கறுப்புப் பெட்டியே கதியென்று போய்விட்டான். இது டிவிக்கு அடியில் துணி போர்த்திக் கிடந்தது. அந்தத் துணியைத் துவைக்க எடுத்த ஒரு நாள்தான், சும்மா போட்டுப் பார்ப்போமே என்று நான் போட்டேன்.

தூண்டில் கம்பு என்றால் நீளக் கம்பு இல்லை. கைப்பிடி மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் நூல் சுற்றுவதற்கு ஒரு குட்டிச் சக்கரம். கையை வீசினால் டிவியில் தூண்டில் போய்த் தண்ணீரில் விழும். மீன் கவ்விவிட்டால் கைப்பிடி உள்ளங்கைக்குள் குறுகுறுவென்று அதிரும். முதல் தடவை அதிர்ந்தபோது கம்பைக் கீழே போட்டுவிட்டு நான் கட்டில் மேல் ஏறி நின்றேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அதில் வருவதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் மீன் பிடிக்க எழுத்து எதற்கு? அகல வாய் மீனுக்கு விரால் என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒருத்தன் கத்துவான். மீன் சின்னதாக இருந்தால் சப்பென்று ஏதோ சொல்லுவான். பெரிதாக இருந்தால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கார் வந்த மாதிரி கத்துவான். அது போதாதா?

வீட்டுக்காரர் மவுத்தாகி, மகனும் குடும்பத்தோடு துபாய் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, சட்டி பானை கழுவி, வாசல் கதவைச் சாத்தினால் சாயங்காலம் அஸர் வரைக்கும் என் நேரம். யாராவது கதவைத் தட்டினால் டிவியை அணைத்துவிட்டுத்தான் திறப்பேன். இந்த வயசில் டிவி முன்னால் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள் என்று பேச்சு வந்தால் தெருவில் எப்படி நடக்கிறது? பொதுவாகவே எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கடையில் மிச்சச் சில்லறை குறைந்தால்கூட கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் தீப்பெட்டி நமுத்துப் போகும், அப்பளம் நமுத்துப் போகும். பெட்டிக்குள்ளே சிடியைப் படிக்கிற லென்ஸ் மட்டும் சும்மா இருக்குமா? ஒரு ஆடி மாசம் சிடி சுற்றுகிறது, படம் வரவில்லை. டிவி மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"இதுக்கெல்லாம் சாமான் கிடைக்காதும்மா. இதே மாதிரி இன்னொரு பெட்டி கிடைச்சா அதுல உள்ளதக் கழத்தி மாட்டலாம்" என்றார்.

அப்படித்தான் நான் பெட்டி சேர்க்க ஆரம்பித்தேன்.

நோன்பு வருவதற்கு முந்தி எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பரணில் உள்ளதெல்லாம் கீழே இறங்கும். உடைந்த மிக்ஸி, டேப் ரெக்கார்டர், ஒரு காதுக்கு மட்டும் கேட்கிற ஹெட்போன் என்று முற்றம் நிறைந்து கிடக்கும். ஒத்தாசைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்து பாத்திரம் துலக்குவேன். கண் மட்டும் பரண் ஏணியிலேயே இருக்கும். வெள்ளையாக ஏதாவது இறங்கினால், "இது வேண்டாம்னா பேரனுக்கு எடுத்துக்கிடட்டா?" என்பேன். பேரனுக்கு இந்தப் பெட்டி என்னவென்றே தெரியாது. "கொண்டு போ, கொண்டு போ, இடத்தை அடைக்குது" என்று தூக்கிக் கொடுப்பார்கள். ஒருதடவை கொல்லத்தில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது புளியறையில் டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள். அங்கே ஹோட்டல்காரர் கல்லாப்பெட்டிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தது இந்தப் பெட்டிதான். "அது கேடாயிப் போயி, எடுத்துக்கோ" என்றார் பாதி மலையாளத்தில். கல்லாவுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

இப்படி நாலு சேர்ந்தது. ஒவ்வொன்றின் லென்ஸும் கொஞ்ச காலம் ஓடி உயிரை விட்டது. ஐந்தாவது மதினி கொடுத்தது.

மதினி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவள். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் கல்ஃபில் ஒரே ரூமில் இருந்து, ஒரே கடையில் ஏமாந்தவர்கள். மதினி வீட்டுப் பெட்டி அட்டையை விட்டு வெளியே வந்ததே இல்லை. வெள்ளைவெளேர் என்று இருந்தது. என்னுடையது வெற்றிலைக்காரி பல் மாதிரி மஞ்சளாகிப்போயிருந்தது. மதினி பெட்டியின் லென்ஸைக் கழற்றி என் பெட்டியில் மாட்டினேன். அப்படி ஒரு ஓட்டம்! சாரலுக்கும் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விலை ஏற ஆரம்பித்தது. மகன் போனில், "உம்மா, அந்த வெள்ளைப் பெட்டியைத் தூரப் போட்டுராதீங்க, இப்ப அதுக்குப் பெரிய மவுசு" என்றான். அந்த வருஷம் வெள்ளையடிக்கும்போது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பரணில் இருந்து எது இறங்கினாலும் முதலில் போனில் படம் பிடித்து விலை பார்க்கிறார்கள். ஓட்டை இஸ்திரிப் பெட்டிக்குக்கூட இந்த மரியாதை.

ஒரு நாள் காலையிலேயே மதினி வந்து நின்றாள்.

"ஏட்டி, அந்த வெள்ளைப் பெட்டி இருக்கா?"

"இருக்கு மதினி."

"மருமவ போன்ல விக்கதுக்கு இருக்குன்னு போட்டிருந்தா. மதுரையில ஒருத்தன் வாரேங்குதான். அவன் சொல்லுத விலையைக் கேட்டா உனக்கு மயக்கம் வரும். நான் அதை உனக்குக் கொடுத்தேனா, வைக்கக் கொடுத்தேனா?"

கொடுத்தீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வைக்கத்தான் மதினி" என்று வந்தது.

"அதானே!" என்று சந்தோஷமாகப் போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வீட்டில் ஓடுகிற லென்ஸ் அந்த ஒன்றுதான். அது போனால் மீனும் போச்சு. செத்த லென்ஸை உள்ளே வைத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது ஹராம், மனசு கேட்காது. ஒரு மத்தியானம் முழுக்கப் பிடிக்க முடிந்த மட்டும் பிடித்துவிட்டு, லென்ஸைக் கழற்றி மதினி பெட்டியிலேயே மாட்டி மூடினேன். தூண்டில் கம்பை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

மதுரைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அருவியில் தண்ணீர் விழுகிற சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, கையில் ஒரு பை ரம்புட்டான் பழத்தோடு வந்து நின்றார். தாடி வைத்த தம்பி, மகனைவிட இளசு. பெட்டியை மாட்டிப் பார்க்கிற மாதிரி பழைய டிவி என் வீட்டில்தான் இருக்கிறது என்பதால் பேரம் என் வீட்டு நடு ஹாலில் நடந்தது. மதினி சேரில் உட்கார்ந்தாள். நான் அடுக்களை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தத் தம்பி பெட்டியைக் கையில் எடுத்து, போனில் டார்ச் அடித்து, குழந்தைக்குச் சிரங்கு பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"எப்படிம்மா இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

"எங்க வீட்டுச் சாமான்லாம் அப்படித்தான் தம்பி" என்றாள் மதினி.

"யாரும் விளையாடினதே இல்லையோ?"

"சேச்சே, இதை யாரு விளையாடப் போறா?"

நான் தரையைப் பார்த்தேன்.

பெட்டியை மாட்டி, டிவியில் படம் வந்ததும் அவர் உடனே அணைத்துவிட்டார். "ஓடலைன்னாலும் எனக்குக் கவலை இல்லைம்மா. இந்த லென்ஸை எடுத்துட்டு உள்ள மெமரி கார்டு மாட்டிருவேன். இப்ப எல்லாரும் அப்படித்தான். லென்ஸ் எல்லாம் எப்படியும் போயிரும்."

"எடுத்த லென்ஸை என்ன செய்வீங்க?"

யார் கேட்டது என்று மதினி திரும்பிப் பார்த்தாள். நான்தான்.

"எங்கயாவது டப்பாவுல கிடக்கும்மா."

"அப்ப அதை எனக்குத் தந்துருங்க."

"உனக்கு எதுக்குட்டி அது?" என்றாள் மதினி.

பேரனுக்கு என்பது நாக்கு நுனி வரை வந்தது. பேரன் பேரைச் சொன்னால், அவனுக்குப் புதுசு வாங்கிக் கொடு என்று மதினி முடித்துவிடுவாள். "நான் விளையாடணும் மதினி" என்றேன். "இத்தனை நாளும் இந்த லென்ஸ்லதான் விளையாடினேன். நீங்க கேட்டதும் திருப்பி மாட்டிட்டேன்."

அந்தத் தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களா? என்ன கேம்மா?"

சொல்ல வெட்கமாக இருந்ததால் பீரோவைத் திறந்து கம்பை எடுத்து வந்து காட்டினேன். அது பெரிய தப்பு. அவருக்குப் பெட்டி மறந்துவிட்டது.

"அம்மா, இதைக் கொடுத்துருங்க. இது இப்ப எங்கயுமே கிடைக்காது" என்று ஒரு தொகை சொன்னார். மதினி காலால் என் காலை மிதித்தாள்.

"மாட்டேன் தம்பி."

பெட்டி விலைக்கு மேலே சொன்னார்.

"கம்பைக் கொடுத்துத் தொலையேம்ட்டி, அடுப்புல வைக்கக்கூட ஆகாது" என்றாள் மதினி.

"மாட்டேன். லென்ஸ் போன பெட்டி நாலு கிடக்கு, அதையெல்லாம் சும்மா கொண்டு போங்க. இது தரமாட்டேன்."

ரெண்டு தடவை மாட்டேன் என்று நான் என் கல்யாணத்தில்கூடச் சொன்னதில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்க்ரூ கழற்றத் திருப்புளி இருக்கா என்றார். டிவித் துணிக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். "திருப்புளி வேறயா!" என்றாள் மதினி. அங்கேயே உட்கார்ந்து லென்ஸைக் கழற்றி, பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். மதினிக்குப் பணத்தைக் கொடுத்து, அவள் பெட்டியோடு என் நாலு பெட்டியையும் கட்டித் தூக்கிக்கொண்டு, சந்தோஷமாகத்தான் போனார்.

மதினி போகவில்லை. பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டு, ரம்புட்டானை உரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க, பிடி பாப்போம். எதுக்காக அம்புட்டுப் பணத்தை வேண்டாம்னேன்னு நானும் பாக்கணும்ல."

லென்ஸை என் மஞ்சள் பெட்டியில் மாட்டினேன். ஓர் ஆள் பார்க்க விளையாடியதே கிடையாது. அவசரத்தில் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டேன். முதல் மீன் கவ்விவிட்டு ஓடிப்போனது.

"போச்சா? இதுக்குத்தானா? ஏட்டி, அந்தப் பயலுக்குப் போன் போடட்டா? இன்னும் ஊரைத் தாண்டியிருக்க மாட்டான். ஒரு புது ஃப்ரிட்ஜே வாங்கியிருக்கலாம். உனக்குக் கூறு இருந்தா..."

கம்பு அதிர்ந்தது. தூரத்தில் நல்ல பெரிய விரால் ஒன்று முதுகைக் காட்டிப் புரண்டது.

"பேசாதீங்க மதினி, நூல் அந்து போயிரும்" என்றேன்.

மதினி உரித்த பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அது கரைக்கு வந்து சேருகிற வரை மூச்சுக் காட்டவில்லை.