அட்டையில் காலியாக இருந்த கட்டம்

அன்று வாசலில் இருந்தது ஆறு பேர். நான், என் மாமியார், என் ஓரகத்தி, இரண்டு வயதைத் தாண்டிய என் மகன், அதே வயதில் அவள் மகள், வீடு வீடாக வரும் நர்சம்மா.

எதிர்வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அவர்கள் பையனுக்குத் தட்டம்மை. வெளியூர் போயிருந்தவர்கள் முந்தின நாள்தான் திரும்பினார்கள். வந்த சாயங்காலமே மூன்று பிள்ளைகளும் ஒரே மணலில் விளையாடியிருந்தார்கள்.

நர்சம்மா தடுப்பூசி அட்டை கேட்டார். என் மகனுடையது ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். நிலப்பத்திரம் மாதிரி வைத்திருக்கிறேன் என்று ஓரகத்தி எப்போதும் சிரிப்பாள். அவள் மகளின் அட்டை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து வந்தது. ஒன்பதாம் மாத ஊசி பதிந்திருந்தது. ஒன்றரை வயதுக் கட்டம் காலி. பிள்ளைக்குச் சளி என்று தள்ளிப்போட்டவள், பிறகு மறந்தே போனாள்.

"அந்தப் பையனுக்கும் ஒண்ணு போட்டுருக்காங்கக்கா. அப்புறம் இன்னாத்துக்கு வந்துது?" என்று என்னிடம் கேட்டாள்.

நர்சம்மா விளக்கினார். ஒரு ஊசி பெரும்பாலான பிள்ளைகளைக் காக்கும். சிலருக்கு மட்டும் பிடிக்காமல் போகும். நோய்க்காரரோடு பழகிய மூன்று நாளுக்குள் அடுத்ததைப் போட்டால் தடுக்க வாய்ப்புண்டு, இன்றைக்கே சென்டருக்கு வாருங்கள் என்றார். ஓரகத்தி அசையவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் அவளும் நானும் ஒன்றாக நடவுக்குப் போனவர்கள்.

"நட்ட நாத்து எல்லாமா புடிக்குது? போன எடத்துல திரும்ப ஊனறோமில்ல? வயல்ல எது போச்சின்னு கண்ணுக்குத் தெரியுது. புள்ள ஒடம்புல தெரியாதுடி. அதான் எல்லாருக்கும் ரெண்டு."

அவள் செருப்பைத் தேடினாள். உடனே மாமியார் குறுக்கே வந்தார். தெருவில் ஆத்தா இறங்கியிருக்கும்போது ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாளாம்.

"எதிர்வூட்டுக்குத்தான அத்தை வந்துருக்கா, நம்ம வூட்டுக்கு வரலியே. கூழு ஊத்தறேன்னு வேண்டிக்கோங்க, அதுக்குள்ள வந்துடறோம்" என்றேன். மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்தார்.

ஊசி போட்டுத் திரும்பினோம். ஆட்டோவுக்கு நான் கொடுத்தேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் வரலன்னா காசு தர்றேன். வந்துதுன்னா நீதான்க்கா பொறுப்பு" என்றாள் ஓரகத்தி.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் விடிந்ததும் இரண்டு பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டு, காதுக்குப் பின்னால் பார்த்தேன். மகனைப் பார்த்தது பழக்கத்துக்கு. அவனுக்கு இரண்டு கட்டமும் நிறைந்திருந்தன. பயந்தது அந்தச் சின்னதுக்குத்தான். அதற்கும் ஒரு பொட்டுகூட வரவில்லை.

அவள் அட்டையும் இப்போது என் கவரில்தான் இருக்கிறது. ஆட்டோ காசு நூற்றைம்பது ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.