கப்பு வாங்கப் போன கல்யாணப் புடவை

மாவட்டப் பெண்கள் கிரிக்கெட்டில் அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று எனக்கு ஒரு கப்பு கொடுத்தார்கள். எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள், "அன்னிக்கு மேடையில எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். பயமாக இருந்தது என்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! நிஜமாகவே எனக்குக் குலை நடுங்கியது.

எல்லாம் அம்மாவால் வந்தது. முந்தைய வருடம் கப்பு வாங்கிய பெண் பட்டுப் புடவையில் மேடை ஏறியதை அம்மா ஃபோனில் பார்த்துவிட்டாள். நான் டிராக் சூட்டில் போவதாக இருந்தேன்.

"நெய்யற வூட்டுப் பொண்ணு, பனியன் துணியில போயி நிப்பியா?"

எங்கள் வீட்டில் பட்டு தறியில் இருக்கும், பீரோவில் இருக்காது. அந்த வாரம் மட்டும் ஒன்று இருந்தது. அப்பா நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் போயிருந்தார். அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் புடவை. பச்சைக் கரை முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்க்கும் கிளிகள். புடவைக்கு ஆர்டர் கொடுத்த கல்யாணப் பெண்ணே வரைந்து கொடுத்த கிளி. ஊரில் வேறு எந்தப் புடவையிலும் கிடையாது. மறுநாள் காலை அப்பா வந்ததும் நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியின் கடையில் ஒப்படைக்க வேண்டும்.

"கல்யாணப் பொண்ணுக்கு முன்னால இன்னொருத்தி கட்டலாமாம்மா?"

"ரெண்டு மணி நேரந்தானேடி. பழைய மடிப்புலயே மடிச்சி வெச்சிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

பின் குத்தினால் பட்டில் ஓட்டை தெரியும் என்று அம்மா ஒரு பின்கூடக் குத்தவில்லை. அவிழ்ந்துவிடுமோ என்று முழங்கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோவில் சீட்டின் நுனியில் போனேன். ஒரு சொட்டுக் கறை போதும். முதலாளி அப்பாவுக்கு இனிமேல் நூல் தரமாட்டார். நூல் வராவிட்டால் தறி நிற்கும், எங்கள் சோறும் நிற்கும்.

வாசலிலேயே பன்னீர்ச் செம்போடு ஒரு அம்மாள் நின்றாள். பவுன்சருக்குக்கூட அப்படிக் குனிந்ததில்லை நான். பன்னீர் பின்னால் வந்த கோச்சின் கண்ணாடியில் விழுந்தது. சந்தனம் நீட்டினார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐஸ்கிரீம் கொடுத்தார்கள்; தொண்டை சரியில்லை என்றேன். மரியாதை செய்ய வந்த ஒவ்வொருவரும் எனக்கு எமனாகத் தெரிந்தார்கள்.

மேடையில் ரோஜா மாலை வந்தது, ஈரம் சொட்டச் சொட்ட. கழுத்துக்கு வருவதற்குள் இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். நான் விக்கெட் கீப்பர். "நல்ல கேட்ச்!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. அடுத்து பொன்னாடை போர்த்தினார்கள். அதுதான் தெய்வமாக வந்தது. குளிர் ஜுரக்காரி மாதிரி உடம்பு முழுக்க இழுத்துச் சுற்றிக்கொண்டேன். ஒருவர் என் ஆட்டத்தைப் பற்றி வெகுநேரம் புகழ்ந்து பேசினார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. என் கண் முழுக்க அவர் கையிலிருந்த காபி டம்ளர் மேலேயே இருந்தது.

கறை படவில்லை. அம்மா சொன்னபடியே மடித்துவிட்டாள். காலையில் மொட்டைத் தலையோடு வந்த அப்பா, குளித்துவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டோம்.

அவர் போன பிறகுதான் பேப்பர் வந்தது. மாவட்டப் பக்கத்தில், கலரில், கப்போடு நான். பொன்னாடைக்குக் கீழே ஒரு சாண் பச்சைக் கரை. கிளிகளை எண்ணலாம் போலிருந்தது.

அப்பாவின் ஃபோன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. முதலாளி தினமும் பேப்பரைப் படித்துவிட்டுத்தான் புடவையைப் பிரிப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

"கல்யாணப் பொண்ணு வூட்லயும் பேப்பர் வாங்குவாங்களேடி! என் புத்திய செருப்பால அடிக்கணும்," என்று அம்மா அழுதாள். பதினொரு மணி வரை வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதலாளியின் ஆள்தான் வருகிறான் என்று செத்துச் செத்துப் பிழைத்தோம்.

வந்தது அப்பா. கையில் புடவை இல்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். கசங்கி, நடுவில் கிழிந்திருந்தது.

"கடையில சும்மா புரட்டிக்கினு இருந்தேன். உன் மூஞ்சிக்கு முன்னாடி என் கிளிதான்மா கண்ணுல பட்டுச்சி. அதுக்குள்ள முதலாளி வந்துட்டாரு. இன்னா பண்றது, பேப்பர் மேலயே உக்காந்துக்கினேன். பேப்பர் எங்கன்னு கேட்டாரு, தெர்லன்னேன். அவுரு பொடவைய பிரிச்சி பாத்து சரின்ற வரிக்கும் நான் எழுந்துக்கல."

திட்டு விழும் என்று நானும் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டோம். திட்டவில்லை. பேப்பரைத் தரையில் விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவி நீவிப் பார்த்தார்.

"பொண்ணு பேப்பர்ல வந்துக்கிறா. கடையில நாலு பேரு இருந்தாங்க. ஒருத்தருக்குக் காட்ட முடியல."

அதை அவர்தான் மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கல்யாண வீட்டிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை; பேப்பர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கப்பை மட்டும் காட்டுகிறோம்.