பெயர் எழுத இடமில்லாத பந்து

போன வருடம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரை திருநகரில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் நடந்தது இது.

என் கல்லூரித் தோழி இலங்கையில் வாழ்க்கைப்பட்டு, அங்கே காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஷட்டில் என்றால் உயிர், ஆனால் இருப்பதெல்லாம் நரம்பு அறுந்த மட்டைகள், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி வேறு வருகிறது என்று ஒருநாள் போனில் புலம்பினாள். சங்கத்தில் சொன்னேன். நல்ல காரியம் என்றால் எங்கள் தெருக்காரர்களுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வருமோ! ஒருவர் மட்டைகள், ஒருவர் வலை, ஒருவர் ஷூ, ஒருவர் பனியன் என்று மளமளவென வாங்கிக் குவித்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் மறக்காமல் ‘உபயம்’ போட்டு அவரவர் பெயர். கோயிலுக்கு ட்யூப் லைட் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு முன்னால் நம் பெயர் தெரிய வேண்டும் என்கிற ஆட்கள்தானே நாம். நான் மட்டும் என்ன, வலையின் ஓரத்தில் என் மாமனார் பெயரைச் சிவப்பு நூலில் தைத்து வாங்கியிருந்தேன். தைத்தது என் நாத்தனார். பழங்காநத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

தோழியின் கொழுந்தன் குடும்பம் அங்கிருந்து மதுரைக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தது. அவர்களோடு சாமான்களை அனுப்பிவிட்டோம். அவை போய்ச் சேர்ந்ததும் வீடியோ காலில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார் சங்கத் தலைவர். பள்ளிக்கூடத்திலும் விடுதிப் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டிவிட்டார்கள். இங்கே பெரிய டிவி, கேசரி, வடை என்று காதுகுத்து மாதிரி கூட்டம்.

டிவியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் ஷூ. நடுவில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். மட்டையைக் கீழே வைப்பதும், டீச்சர் கண்ணைக் காட்டினால் மறுபடி எடுப்பதுமாக இருந்தாள்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் புள்ளய மட்டையத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுத்தா, பேரே தெரியல” என்றார் என்னிடம். நானும் அப்படியே தோழியிடம் சொன்னேன். அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னவோ சைகை செய்தாள். அந்தப் பெண் மட்டையைத் திருப்பினாள். மறு நிமிடமே தொப்பென்று கீழே போட்டாள்.

“சரியான அடமா இருக்கே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வடைத் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்த என் நாத்தனார் அப்போதுதான் டிவியைப் பார்த்தாள். பார்த்தவள், தட்டைத் தலைவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று கேமரா முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தாழ்த்தி, எல்லாவற்றையும் கீழே வை என்று காட்டினாள். அந்த ஊர்ச் சைகையும் நம் ஊர்ச் சைகையும் வேறு வேறாம். ஆனால் இது புரியாதா? அத்தனை பிள்ளைகளும் சாமான்களைக் கீழே வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், ஒரே நேரத்தில் அத்தனை கைகளும் பேச ஆரம்பித்தன.

இரட்டைச் சடைக்காரி முன்னால் வந்தாள். விரல்களைக் கூம்பாகக் குவித்து மேலே எறிவதுபோல் காட்டினாள். கையை ஓங்கி அடித்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு வெறும் கையை விரித்தாள்.

என் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முகம் சுருங்கிவிட்டது. மட்டை அனுப்பினோம், வலை அனுப்பினோம். அடிக்கிற இறகுப் பந்தில் ஒன்றுகூட அனுப்பவில்லை. அதில் பெயர் எழுத எங்கே இடம்?

“கோவிச்சுக்காதடி. இம்புட்டு வாங்கிட்டு, இது இல்லையேன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு. இங்க அது விக்கிற வெலைக்கு எங்களால வாங்க முடியல. போட்டிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு” என்றாள் தோழி.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “இந்தத் தட்ட யாராச்சும் வாங்குங்கப்பா, கடைக்குப் போகணும்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. இரண்டு கையிலும் தட்டு இருந்தும் அவரால் பேச முடிந்தது. எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவள் என் நாத்தனார்தான். சும்மா நின்றால் பாவம், அவளுக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று பாசத்தோடு நாங்கள் கொடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் சந்தனம் எடுத்துக்கொண்டு பேசியபடி உள்ளே போவார்கள். அவள் கை ஒழிவதற்குள் பந்தியே முடிந்துவிடும்.

தலைவர் அன்றைக்கே டவுனுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக இறகுப் பந்து வாங்கிவந்தார். அந்த வாரமே கொழும்புக்குப் போன ஜவுளிக்காரர் ஒருவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெட்டியில் யார் பெயரும் இல்லை.

போட்டிக்கு முன்னால் தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவளும் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். படம் கோணலாக இருந்தது. வலையின் ஓரம் மடங்கி என் மாமனார் பெயர் மறைந்திருந்தது. இரட்டைச் சடைக்காரி எகிறி எகிறி அடித்தாள். ஒரு பிள்ளைகூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை. நாங்கள் வாங்கிக்கொண்ட நன்றிகளிலேயே எனக்கு மனசு நிறைந்தது அதில்தான்.

போட்டியில் தோற்றுப்போனார்களாம். அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் சந்தனக் கிண்ணத்தை நான்தான் முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறேன். பக்கத்தில் வெறும் கையோடு நிற்கும் என் நாத்தனார் பேசித் தீர்ப்பதைப் பார்க்கும்போது, இத்தனை வருடமாக நாங்கள் எவ்வளவைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.