என் கணவரின் ஜெனரல்

அந்த ஜெனரலை என் கணவர் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரில் படை நடத்தியவராம். பிரெஞ்சுப் புத்தகம். மட்டையில் தாடியும் பித்தளைப் பொத்தான்களுமாக நின்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிஸில் லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்தை ஒட்டிய ஒற்றை அறையில் நானும் அவரும் என் தம்பியும் இருந்தோம். அவர்கள் இருவருக்கும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்குமுன் கிடைக்கும் இடைவேளையில் அறைக்கு வருவார்கள். அப்போது அவர் வாசித்து, தமிழில் சொல்லுவார். ரயில் போகும்போது நிறுத்தி, போனபின் தொடருவார்.

ஜெனரல் ஏழை வாத்தியாரின் மகன். இராணுவக் கல்லூரியில் கடைசி ஆளாகத் தேறி, குடித்ததற்காக வேலையிலிருந்து துரத்தப்பட்டு, மர ஆலை நடத்தி நொடித்து, சிறு ஊரொன்றில் விறகு விற்றார். ஊரே சிரித்தது. நாற்பதை நெருங்கும்போது போர் வந்தது.

"போர் வந்திராட்டி இவரை நாயும் திரும்பிப் பாத்திராது" என்று என் கணவர் சந்தோஷத்தோடு சொன்னார். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். யாரை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.

ஒரு குன்றைப் பிடிக்க ஜெனரல் தன் படையை மூன்று தடவை மேலே அனுப்பினாராம். சரிவு முழுக்கப் பிணம். அன்று பின்னேரம் அவர் பொரித்த கோழி சாப்பிட்டார். அந்த இடத்தை என் கணவர் திரும்பவும் வாசித்தார்.

தம்பி கேட்டான்: "அத்தான், செத்த பெடியளின்ரை பேர் அதிலை இருக்கோ?"

"எல்லாற்றை பேரையும் எழுத ஏலுமோ?"

ஊரில் தமிழருக்கு எதிரான எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, உயிர் தப்பட்டும் என்று அம்மா அவனை என்னிடம் அனுப்பியிருந்தார். என் கணவரோ நாளும் பொழுதும் அவனைக் குத்தினார். ஊரில் அவன் வயதுக்காரர் துவக்கோடு போரில் நிற்க, இவன் வெள்ளைக்காரன் தின்ற கோப்பையைக் கழுவுகிறானாம். அவரும் அதையேதான் கழுவினார். ஆனால் தம்பி அதைச் சொல்லிக் காட்டவில்லை. சாப்பிடும்போது தன் கைகளைப் பார்க்கத் தொடங்கினான்.

புறநகரான எபினேயில் ஒரு நண்பனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன், ஒரு கிழமை கழித்து மதராசிலிருந்து தொலைபேசி எடுத்தான். இயக்கத்தில் சேர்ந்துவிட்டானாம். என் கணவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தானே விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதாகப் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த மாரிக்குள் தம்பி செத்துப்போனான்.

அம்மா அதைச் சந்தைச் சுவரில் கண்டார். சுவரொட்டியில் இயக்கம் வைத்த வேறு பெயர் இருந்தது, முகம் அவனுடையது. அவன் ஊருக்குத் திரும்பியதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தொலைபேசியில் அம்மா அழாமல் கேட்டார்: "பாரிஸிலை இருக்கிற பிள்ளை எப்பிடி இஞ்சை சுவரிலை?"

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் அறை நிறைந்துவிட்டது. என் கணவர் நடுவில் இருந்து குன்றின் கதையைச் சொன்னார். அத்தனை பேர் செத்தும் ஜெனரல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்கடை ஜெனரல் எங்கை செத்தவர்?" என்று கேட்டேன்.

ரயில் ஒன்று போனது. அது போனபின் அவர் சொன்னார்:

"வீட்டுக் கட்டிலிலை."

"எத்தினை வயசிலை?"

"எண்பது தாண்டி."

"பிள்ளையள்?"

"ரெண்டு பெடியள். அவையளைப் போருக்கு விடேல்லை."

வந்தவர்கள் தேநீரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு என்னை அடித்தார். சபையில் தன்னைக் குறைத்துவிட்டேனாம். அடித்துக் களைத்ததும் முகம் கழுவி, சேட்டு மாற்றி, வேலைக்குப் போனார்.

நான் எபினேயில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன், திரும்பி வரவில்லை. பக்கத்தில் சென் தெனியில் ஒரு கம்பனியின் கந்தோரைக் கூட்டும் வேலை கிடைத்தது. தம்பியின் நினைவுநாள் கூட்டத்தில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் என் கணவரை இருத்தியிருந்தார்கள். லா சப்பல் தமிழ்க் கடைக்காரர்கள் எழும்பி நின்று கைகொடுத்தார்கள். வீரனின் அத்தான். நான் கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றுவிட்டு வந்தேன்.

தம்பியை நம்பி அனுப்பிய அம்மா என்னோடு பிறகு கதைக்கவில்லை. ஊரில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தால் அம்மாவோடு இருக்கும் தங்கச்சிதான் வருவாள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டா என்பாள். அவளுக்குப் பின்னால் அம்மா இருமுவது கேட்கும்.