வெள்ளவத்தையில் நூற்று, கொட்டாஞ்சேனையில் பின்னியது

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொதியை விரலால் அமுக்கிப் பார்த்தார். தலையணைக்கா என்று சிங்களத்தில் கேட்டார். செம்மறியாட்டுக் கம்பளி, கழுவிச் சீவியது, ஒரு கிலோ. கையால் நூல் நூற்கக் கொண்டுவந்தேன் என்றேன். என்னையும், கண்ணாடிக்கு வெளியே எரிந்த வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மாத்தயாவுக்கு லீவு எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடினார். ஒரு மனிதனை நோகாமல் கேலிசெய்ய இவ்வளவு போதும்.

நான் இருப்பது நோர்வேயின் வடமுனையில், மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பி வாழும் சிறிய ஊரில். கார்த்திகைக் கடைசியில் இறங்கும் சூரியன் தைப்பொங்கல் கழிந்துதான் தலைகாட்டும். அந்த இருட்டில் அங்குள்ளவர்களின் கை சும்மா இராது. தேநீர் இடைவேளையில் ஆணும் பெண்ணும் ஊசியை எடுத்துவிடுவார்கள். நானும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். முதலில் பின்னிய காலுறைக்குள் என் இரண்டு காலும் ஒன்றாகப் போயின. பின்னல் பழகியபின் நூற்பும் வந்தது. நுனியில் கனம் கட்டிய ஒரு கம்புதான் கருவி, தக்ளி. அதைச் சுழற்றித் தொங்கவிட்டால் விரலிடுக்கில் இருக்கும் கம்பளி முறுகி முறுகி நூலாக இறங்கும். விரலில் ஆட்டுக் கொழுப்பு மெல்லப் பிசுக்கும். அப்போது மனத்தில் எதுவும் ஓடாது. ஓடினாலும் நூலின் வேகத்தில்தான் ஓடும்.

திங்கள், அதிகாலை 5.20. வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில், மனைவியின் தங்கை வீடு. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. கீழே தண்டவாளத்தில் முதல் ரயில். வெப்பமானி இருபத்துமூன்று பாகை காட்ட, மச்சாள் காதைத் துவாயால் மூடிக்கொண்டு, "இந்த முறை குளிர் எலும்புக்குள்ள போகுது அத்தான்" என்றாள். நான் பனியனோடு நின்றேன். கொழும்புக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அது ஏழு மணிக்கு முடிந்துவிடும்.

கம்பளிக்கு அந்த ஒன்றரை மணித்தியாலந்தான். வெயில் ஏறினால் உள்ளங்கை வேர்த்து நூல் ஒட்டும். மின்விசிறியைப் போட்டால் கம்பளி பூனைமயிர் மாதிரிப் பறந்து இடியப்பத்தில் விழும். முதல் நாள் விசிறியை நிறுத்திவிட்டு நூற்றேன். "நீங்கள் நூல் விடுறியள், நாங்கள் ஆவி விடுறம்" என்றாள் மச்சாள். வீட்டுக்குள் நூற்பது அதோடு சரி.

புதன், காலை 8.40. வெள்ளவத்தை நிலையத்திலிருந்து கோட்டைக்கு ரயில், முப்பது ரூபா. இடப்பக்க ஜன்னல் முழுதும் கடல். அலை சில இடங்களில் சக்கரத்துக்குக் கையெட்டும் தூரம்வரை வந்து திரும்பியது. கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு முந்நூற்றைம்பது. என் மடியிலிருந்த பின்னலைக் கண்ணாடியில் பார்த்த சாரதி, அய்யாவுக்கு வீட்டில் பேசப் பயமா, அதுதான் ஊசியோடு இருக்கிறீர்களா என்று விசாரித்தார். ஓம் என்றேன். தனக்கும் அதே வருத்தம், ஓட்டோதான் மருந்து என்றார்.

போனது ஸ்டெல்லாவின் வீட்டுக்கு. அவர் மகள் ஜெனிட்டா என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஊருக்கு வருபவர்கள் ஒருவர் பொதியை மற்றவர் காவுவது எங்கள் வழக்கம். அவள் தகப்பனுக்குக் கொடுத்துவிட்ட பொதி என்னிடம் இருந்தது. தாய்க்கென்று ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குமுன், போகாதே என்று மறித்த தாய் கடைசியில், "போனாப் போனதுதான்" என்று சொல்லியிருக்கிறார். மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. செய்தியெல்லாம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் தகப்பன் வழியாகத்தான்.

பேராலயத்தின் குவிமாடம் ஜன்னலில் தெரியும் சிறிய வீடு. ஸ்டெல்லா தேவாலயப் பீடத் துணிகளுக்குப் பூவேலை செய்பவர். தேநீர் வைத்துவிட்டு, கோப்பையைப் பார்த்தபடி, "மெலிஞ்சிட்டாளா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், "சும்மாதான் கேட்டேன்" என்றார்.

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துவந்து விரித்தார். புறக்கோட்டையில் வாங்கிய நூலில், இரண்டு மாத வேலை. பீடத் துணியில் வரும் அதே பூ, உடம்பெல்லாம். பூவுக்குப் பூ ஓட்டை. கை முழங்கையோடு நின்றது.

"வேர்க்காம இருக்கட்டும் என்டு காத்து விட்டிருக்கேன் அண்ணன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக்கூடாது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் உடுப்பைப் பற்றி முதலில் யோசிப்பது வேர்வையைத்தானே. அவர் காத்திருந்தார். அங்கே காற்று எப்படி அடிக்கும், காது எப்படி மரக்கும் என்று சொன்னேன்.

"அப்ப இதப் போட்டா?"

"போட்டாலும் போடாட்டிலும் ஒண்டுதான், தங்கச்சி."

அவர் முகம் மாறவில்லை. கழுத்துப் பக்கம் நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். பூக்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நான் பதறிப்போய்க் கையை நீட்ட, அவிழ்ந்த நூலை என் கையிலேயே சுற்றத் தொடங்கினார். இரண்டு மாதம் அரைமணியில் பந்தாகிவிட்டது. "சரி. எப்பிடிப் பின்னணும் என்டு சொல்லுங்க" என்றார்.

அன்று பின்னேரமே நான் நோர்வேயில் நூற்றுக் கொண்டுவந்திருந்த ஆறு கட்டு நூலையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தடித்த நூல், ஆட்டின் பழுப்பு வெள்ளை. உடம்புக்குக் காணும், கைகளுக்கு இனித்தான் நூற்க வேண்டும். என் விமானம் அடுத்த வாரம் ஞாயிறு. ஸ்டெல்லா நூலை மூக்கில் வைத்துப் பார்த்து, "கழுவாத ஆள் மாதிரி மணக்குது" என்றார். பெருவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "ஆனா நல்ல ஆள்" என்றார். ஓட்டையில்லாமல் நெருக்கிப் பின்ன ஒத்துக்கொண்டார். கை விளிம்பில் மட்டும் ஒரு வரிசை பூ தன் இஷ்டம் என்றார். அந்தப் பூ அவரே கண்டுபிடித்தது, எங்கும் எழுதிவைக்கவில்லை.

வியாழன் தொடங்கி ஒன்பது விடியல். விசிறிப் பிரச்சினைக்கு மாடிப்படி வழி காட்டியது. எங்கள் கட்டிடத்தின் படிகள் நடுவில் ஒரு கிணறு மாதிரி வெளியை விட்டு வளைந்து வளைந்து இறங்குகின்றன. அங்கே காற்றில்லை. தரையில் நின்று நூற்றால் தக்ளி இடுப்புயரத்துக்குமேல் இறங்காது, நிறுத்தி நிறுத்திச் சுற்ற வேண்டும். இங்கே நாலாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து விட்டால் அது மூன்றாம் மாடியைத் தாண்டி, இரண்டாம் மாடியின் மங்கல் வெளிச்சம்வரை சுழன்றுகொண்டே போகும். எங்கோ குக்கர் விசில், எங்கோ சாம்பிராணி. கீழே ஒரு வெள்ளைப் பொட்டு தன்பாட்டில் சுற்றும். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே சில நேரம் தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற அலுவலக இலிகிதர் ஒருவர். முதல் நாள் பால் எடுக்கக் கதவைத் திறந்தவர், மூக்குக்கு நேரே சுற்றிக்கொண்டு இறங்கிய தக்ளியைக் கண்டார். உள்ளே திரும்பி மனைவியிடம், "மேலயிருந்து ஆரோ மீன் பிடிக்கினம்" என்றது எனக்குக் கேட்டது. அடுத்த நாள் முதல் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். "இண்டைக்கு நல்லாப் படுதோ?" என்பார். ஓம் ஐயா, மூன்று பாகம் ஆழம் என்பேன். அதற்குமேல் நாங்கள் கதைத்ததில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரயிலேறி நூல் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகு முடிந்தது, முன்பக்கம் முடிந்தது, ஒரு கை முடிந்தது. ஸ்டெல்லாவின் விரல் ஓடும் வேகத்துக்கு என் விடியல்கள் போதாமல் போயின.

சனி, காலை 10. கடைசி நூல்கட்டுக்கு அலைய வேண்டாம் என்று ஸ்டெல்லாவே வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். இரண்டாவது கை. பல்கனிக் கதவோரம் உட்கார்ந்து பின்னினார். மச்சாள் சோறு போட்டாள், பின்னினார். மூன்றரைக்கு மணிக்கட்டுவரை வந்துவிட்டது. பூ வரிசைதான் பாக்கி, இன்னும் ஒரு மணித்தியாலம். முதல் பூவுக்கு ஊசியிலிருந்த கண்ணிகளை எண்ணினார். பிறகு ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். ரயில் ஒன்று போனது. இன்னொன்று போனது. கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, சாதா விளிம்பு நான் போட்டு முடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணன்." கண்ணிகள் கழலாதபடி ஊசி நுனியில் ஒரு தக்கையைக் குத்தினார். மிச்ச நூலைப் பந்தாக்கி ஸ்வெட்டருக்குள் வைத்து மடித்தார். "இப்பிடியே குடுங்க. பூ போட அவளுக்குத் தெரியாது. பாதியில கெடந்தா அவளுக்கு நித்திரை வராது. என்னை மாதிரித்தான்."

"என்ன சொல்லிக் குடுக்கிறது?"

"ஒண்டும் சொல்லாதீங்க. கேட்டா, உங்களுக்குத் தெரியாது என்டு சொல்லுங்க. உண்மைதானே."

உண்மைதான். பத்து நாளாகப் பார்த்தும் அந்தப் பூ எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு, அதிகாலை 3. கட்டுநாயக்காவுக்கு நாற்பது கிலோமீற்றர். பேலியகொடைப் பாலத்தில் மீன் லொறிகளின் வாசம் அடிக்க, வேலைத்தலம் ஞாபகம் வந்தது. பெட்டியில் ஊசியின் இரண்டு பக்கமும் அட்டை கட்டி வைத்திருந்தேன். வழியெல்லாம் யோசனை. ஜெனிட்டா பிடிவாதக்காரி, பாதிக் கையோடு அப்படியே மடித்து வைத்துவிட்டால்? கம்பளி என்னுடையது, உழைப்பு ஸ்டெல்லாவுடையது. முடிவு இருவர் கையிலும் இல்லை.

செவ்வாய், பகல் 11.30. எங்கள் ஊர். மைனஸ் ஒன்பது, வெளியே நீல இருட்டு. ஓய்வறையில் ஜெனிட்டா பொதியைப் பிரித்தாள். முகர்ந்தாள். கையைத் தடவிக்கொண்டே போய் ஊசியில் நின்றாள்.

"இது முடியலியே அங்கிள்."

அந்தப் பூ எனக்குத் தெரியாது என்றேன். அன்றிரவு தானே முயன்றிருக்கிறாள். புதனன்று அவள் கண் சிவந்திருந்தது. வியாழன் இடைவேளையில் மேசையில் வைத்து மறுபடியும் போட்டாள், அவிழ்த்தாள், போட்டாள், அவிழ்த்தாள். பிறகு போனை எடுத்துச் சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்தினாள். கொழும்பில் அப்போது மாலை நாலு மணி.

போன் இரண்டு தரம்கூட அடிக்கவில்லை.

"அம்மா, பூவுக்கு எத்தின கண்ணி விடணும்?"

போனுக்குள்ளிருந்து கொட்டாஞ்சேனைக் காகங்கள் எங்கள் ஓய்வறையில் சத்தமாகக் கத்தின. நோர்வேக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு" என்றார் ஸ்டெல்லா. "ஊசியக் கிட்டக் கொண்டு வா, பாப்பம்."