எண்ண முடியாத செவுள் வரிசை

கடல் பீச்சி என்றால் எங்கள் நாகலாபுரத்தில் சிரிப்பார்கள். தொட்டால் தண்ணீரைப் பீச்சுவதால் அந்தப் பெயர். அதில் கூட்டமாக வாழும் ஓர் இனத்தைத்தான் திருப்பதியில் முனைவர் ஆய்வுக்காக ஐந்து வருடம் கட்டிக்கொண்டு அழுதேன். பார்க்க, மரத்தூணில் அப்பிய தோசை மாவு. லென்ஸில் வைத்தால் ஒரே தோலுக்குள் கடுகைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான உயிர்கள். வாய் தனித்தனி, கழிவுநீர் வெளியேறும் வழி பொது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செவுள் பை. அதிலுள்ள துளைகள் மூன்று வரிசையா, நான்கா என்று எண்ணாமல் பெயர் சொல்ல முடியாது.

என்னுடையதற்கு நான்கு. தெற்கிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை பார்த்துவிட்டேன். அதற்கு வடக்கே உண்டா என்பதுதான் ஆய்வின் கடைசிக் கேள்வி. நெல்லூர்ப் பக்கம் ஒரு பழைய படகுத்துறையில் அதே மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. துணைக்கு வந்த என் அப்பா, நைனாதான் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பெயர்த்துக் கொடுத்தார். சிப்பி கிழித்து அவர் காலில் ரத்தம்.

முதலில் மென்தால் தூவி மயக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அப்புறம்தான் பதப்படுத்தும் பார்மலின். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சுருண்டுகொள்ளும்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா? பஸ்ஸு வந்துக்கினு கீது. ஆறு மணிக்கு டூட்டி" என்றார் நைனா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். நேராகப் பார்மலினை ஊற்றினேன். புத்தி எங்கே போயிற்றோ!

லேபில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கிய முஷ்டி மாதிரி இருந்தன. கண் எரிந்ததுதான் மிச்சம். மறுபடி போனால், துறையை இடித்து கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, மூணா நாலா?" என்று வழிகாட்டி மேடம் கேட்டார். நாலு என்றிருந்தால் நம்பியிருப்பார்.

"தெரியல மேடம்."

"சரேம்மா, அப்போ மேப்ல வேணாம். தீசேய்."

நெல்லூருக்கு வைத்திருந்த புள்ளியை வரைபடத்திலிருந்து எடுத்தேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பைண்டு செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நைனாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வரைபடத்தைத் திறந்தார்.

"நான் எடுத்துக் குட்த்தது எங்கேம்மா கீது?" என்றவர், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த புள்ளியில் தானே விரலை வைத்தார். அது சென்னை.

"அதான் நைனா" என்றேன்.

அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.