சிவப்புச் சீட்டு டீச்சர்

எங்கள் நாய்க் காப்பகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் நடத்தியவள் இல்லை. நாய்களுக்குப் பரீட்சை வைத்து, பாஸா பெயிலா என்று சீட்டு எழுதுவது அவள் வேலை. நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பதினோரு வருடம் இதையே செய்தோம்.

பரீட்சை ரொம்பச் சுலபம். பசியோடு இருக்கும் நாய்க்குக் கிண்ணத்தில் சாப்பாடு வைப்போம். அது பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீளக் குச்சியில் மாட்டிய ரப்பர் கையை டீச்சர் கிண்ணத்துக்குள் நீட்டுவாள். சும்மா இருந்தால் பச்சைச் சீட்டு, யாராவது வளர்க்கக் கொண்டுபோவார்கள். கடித்தால் சிவப்புச் சீட்டு. சிவப்பு வாங்கியதை வெள்ளிக்கிழமை டாக்டர் ஊசி போட்டு முடித்துவிடுவார். கடிக்கிற நாயைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நன்றாகவே தூங்கினோம்.

ஒரு திங்கட்கிழமை, தொலைந்துபோன கறுப்பு நாயைத் தேடிக்கொண்டு ஒரு தச்சரும் அவருடைய மகளும் வந்தார்கள். மகளுக்கு ஆறு வயது இருக்கும். தச்சர் காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று நாளுக்கு முன்னால் ஊசி போட்ட நாய். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. அது ரப்பர் கையைக் கடித்ததையும் சொன்னாள்.

தச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இவ தினமும் அதோட கிண்ணத்துக்குள்ள கைய விட்டு பிஸ்கட் எடுத்துத் தின்னுவாம்மா," என்று மட்டும் சொன்னார். "நாலு வருஷமா. ஒரு தடவ உறுமினதுகூட இல்ல."

அன்றிலிருந்து டீச்சர் பழைய டீச்சராக இல்லை. பஸ் நிறுத்தத்தில் எந்தக் கறுப்பு நாயைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். ஒருநாள் மதியம் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் சட்டென்று தட்டைக் கையால் மறைத்தாள். பிறகு மறைத்த கையையே பார்த்தாள். "பாத்தீங்களாண்ணே, எனக்கும் சிவப்புச் சீட்டுதான்," என்றாள். நான் சிரித்தேன். அவள் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள்.

இந்தப் பரீட்சை சரி என்று யார் சொன்னது என்று டாக்டரைப் போய்க் கேட்டாள். விட்டால் போதும் என்று, மேசைக்குள் கிடந்த ஒரு ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார் அவர். டீச்சர் அகராதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வாரம் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "அண்ணே, நம்ம பரீட்சை சரிதானாம்! நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போகுதாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு நாள்தான். "எது எதோட ஒத்துப்போகுதுன்னு நான் பாக்கலண்ணே," என்று வந்து நின்றாள். "ஒரே நாய்க்கு ரெண்டு பேரு பரீட்சை வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே சீட்டக் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் கடிச்சுதான்னு யாருமே பாக்கல."

"ஏன் பாக்கல?"

"சிவப்பு வாங்கினது எதுவும்தான் வீட்டுக்கே போகலயே."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை இனி நம்பமாட்டேன் என்று, அடுத்த கட்டுரைகளின் அட்டவணைகளை முதலில் பார்க்கப் பழகிக்கொண்டாள். எத்தனை நாய், எத்தனை மாதம், கணக்கில் வராமல் போனது எது என்று பென்சிலால் குறிப்பாள். புது இடம், பசி, இழுத்துப் பிடித்த கயிறு இதெல்லாம் சேர்ந்தால் சாதுவான நாய்கூடக் கடிக்கலாம் என்று ஒன்றில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். கயிற்றைப் பிடித்தவன் நான்.

கடைசியில், பெயிலான நாய்களையும் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்த ஒரு ஆராய்ச்சி கிடைத்தது. பெயிலானவை மட்டும் தொண்ணூற்றாறு நாய்கள், ஒரு வருடம். தகவல் கிடைத்தவற்றில் கடித்தவை இரண்டே இரண்டு. அந்த வாரம்தான் ஒரு பழுப்பு நாய் ரப்பர் கையை நன்றாகக் கவ்வியது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நிர்வாகக் குழுவின் முன்னால் தன் பரீட்சை செல்லாது என்று டீச்சரே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், பதினோரு வருடம் செய்தது என்ன என்ற கேள்வி வரும்.

வந்தது. "அப்போ நீங்க எழுதின சிவப்புச் சீட்டெல்லாம் தப்பா?" என்று செயலாளர் கேட்டார்.

"தெரியாது சார். தெரிஞ்சுக்க வழியே இல்லாம நான்தான் பண்ணிட்டேன்," என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். "இந்தக் கட்டுரையிலயும் ஒரு ஓட்டை இருக்கு. மூணுல ஒரு பங்கு வீட்டுக்காரங்க போனே எடுக்கல. அங்க என்ன ஆச்சோ தெரியாது," என்று தன் வாயாலேயே சொன்னாள். பழுப்பு நாய் தொலைந்தது என்றே நினைத்தேன்.

செயலாளர் கட்டுரையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு அனுப்பலாம், மாதாமாதம் விசாரித்து டீச்சரே எழுதி வைக்க வேண்டும் என்றார்.

இரண்டு வருடமாக விசாரிக்கிறாள். போன் எடுக்காத வீட்டுக்குப் பஸ் ஏறி நேரிலேயே போய்விடுவாள். பெயிலான இருபத்தேழு நாய்கள் வீடுகளில் இருக்கின்றன. "சாப்பிடும்போது கிட்டப் போனா கடிக்குதா?" என்று கேட்பாள். "அய்யோ, இல்லம்மா, தங்கம்!" என்பார்கள். நல்ல சேதிதான். ஆனால் ஒவ்வொரு "இல்ல"வுக்கும் அவள் முகத்தில் ரத்தம் வற்றும். கண்ணை மூடிக்கொள்வாள். எந்த நாயை நினைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு வீட்டிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். நாய் சாப்பிடும்போது கிட்டப் போன விருந்தாளியின் விரலைக் கடித்துவிட்டது, இரண்டு தையல். டீச்சர் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்தாள். அவள் தோள்கள் தளர்ந்தன. இரண்டு வருடத்தில் அவள் முகத்தில் நிம்மதியை அன்றுதான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் கவனித்துவிட்டாள்.

"சிவப்பு வாங்கினதுல ஒண்ணாவது கடிச்சுதேன்னு இருந்துச்சுண்ணே," என்று சொல்லி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சரி, விடும்மா," என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.